மூடினால் உறங்காத, திறந்தால் விழிக்காத மடிக்கணினி: லினக்ஸில் பிழை காணும் வழிமுறை

லினக்ஸ் மடிக்கணினியின் உறக்கநிலை சரியில்லை என்று யாரேனும் சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: கணினி உறங்கவே போகவில்லையா, உறங்கியும் அது நிலைக்கவில்லையா, அல்லது உறங்கிய பின் எழவில்லையா? வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவது பெரும்பாலும் அமைப்புக் கோப்பிலோ ஏதேனும் ஒரு செயலியிலோ இருக்கும் கோளாறு. இரண்டாவது ஏதோ ஒரு சாதனம் கணினியைத் தட்டி எழுப்புவதால் வருவது. மூன்றாவது டிரைவரிலோ (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) பயாஸிலோ (கணினியின் பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) இருக்கும் பிழை. இதைப் பிரித்தறியாமல், எங்கோ யாருக்கோ பயன்பட்ட பூட் அளவுருக்களை (துவக்கத்தின்போது லினக்ஸுக்குத் தரும் அமைப்புச் சொற்களை) வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனவர்களின் கணினிகளைப் பார்த்திருக்கிறேன். எது எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று அவர்களுக்கே தெரியாத நிலையில், பழைய பிழையோடு புதுப் பிழையும் சேர்ந்திருக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்; பயன் தராததை உடனே நீக்கிவிடுங்கள்.

கட்டளைகள், கோப்புப் பெயர்கள், பதிவில் வரும் வாசகங்கள் ஆகியவற்றை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சிட வேண்டும். '/சிஸ்', '/ப்ராக்' ஆகியவற்றின் கீழுள்ள கோப்புகளில் எழுத ரூட் அனுமதி தேவை. இங்கே சொல்லும் கோப்புகளில், கணினியின் தேதியை மாற்றிவிடும் 'பிஎம்_ட்ரேஸ்' தவிர, எழுதுவது எதுவும் மறுதொடக்கத்தைத் தாண்டி நிற்காது என்பதால், அச்சமின்றிச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில்: உங்கள் கணினி உறங்குவது எந்த வகை உறக்கம்?

'/சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' என்னும் கோப்பை 'கேட்' கட்டளையால் திறந்து பாருங்கள். 'எஸ்2ஐடில்', 'டீப்' என்னும் இரு சொற்களில் ஒன்றோ இரண்டுமோ அதில் இருக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போது பயன்பாட்டில் உள்ள வகை. 'டீப்' என்பது எஸ்3 எனப்படும் பழைய முறை: ரேம் தவிர ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மின்சாரம் நிறுத்தப்படும், எழும்போது முதலில் பயாஸ் எழுந்து, அதன் பின் கட்டுப்பாட்டை லினக்ஸின் கருவான கர்னலிடம் ஒப்படைக்கும். 'எஸ்2ஐடில்' முறையில் கணினி உண்மையில் அணைவதில்லை. செயலிகள் உறையவைக்கப்படும், சாதனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறைமின் நிலைக்குப் போகும், ப்ராசசர் ஆழ்ந்த ஓய்வுக்குள் இறங்கும். அங்கே ஒரே ஒரு டிரைவர் ஒத்துழைக்க மறுத்தாலும் ப்ராசசரால் அந்த ஆழத்திற்கு இறங்க முடியாது. திரை அணைந்திருக்கும், ஆனால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும்.

விண்டோஸ் 8 வெளிவந்த 2012 தொடங்கி மைக்ரோசாஃப்ட் இந்த இரண்டாம் முறையின் பக்கம் நகர்ந்தது. மடிக்கணினித் தயாரிப்பாளர்களும் அதைப் பின்தொடர்ந்தார்கள். 2020இல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை ப்ராசசர்களுக்குப் பிறகு எஸ்3 இல்லாத மடிக்கணினிகளே மிகுதி. உங்கள் கோப்பில் 'எஸ்2ஐடில்' மட்டும் இருந்தால், அந்த இயந்திரத்தின் பயாஸ் எஸ்3ஐ முன்வைக்கவில்லை என்று பொருள். எந்த அளவுருவாலும் அதை வரவழைக்க முடியாது. ஆனால் பயாஸ் அமைப்புக்குள் ஒரு தெரிவு ஒளிந்திருக்கக்கூடும். 2018இல் வந்த ஆறாம் தலைமுறை திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் முதலில் எஸ்3 இல்லை. பின்னர் அதே ஆண்டில் லெனோவோ வெளியிட்ட பயாஸ் மேம்படுத்தலில், உறக்க வகையை 'லினக்ஸ்' என்று மாற்றிக்கொள்ளும் தெரிவு வந்தது. எனவே பயாஸின் பவர் பகுதியை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு சொற்களும் இருந்து, 'எஸ்2ஐடில்' தேர்வாகியிருந்தால், அந்தக் கோப்பில் 'டீப்' என்று எழுதிவிட்டு ஒருமுறை உறங்கவைத்துப் பாருங்கள். ஐந்தாறு முறை சரியாக எழுந்தால் மட்டும் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' என்பதை நிரந்தரமாக்குங்கள். உபுண்டு, டெபியன், மின்ட் ஆகிய லினக்ஸ் வெளியீடுகளில் '/இடிசி/டிஃபால்ட்/க்ரப்' கோப்பிலுள்ள 'க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டிஃபால்ட்' என்னும் வரியின் மேற்கோளுக்குள் அதைச் சேர்த்து, 'அப்டேட்-க்ரப்' கட்டளையை ஓட்ட வேண்டும். ஃபெடோராவில் இதற்கு 'க்ரபி' கட்டளை இருக்கிறது. தயாரிப்பாளர் தாமே எஸ்2ஐடிலை இயல்பாக வைத்திருந்தால், எஸ்3 பாதையை அவர்கள் சோதிக்காமலே விட்டிருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது சில இயந்திரங்களில் எழவே எழாது.

பதிவில் எதைத் தேட வேண்டும்

உறங்கவைத்து, பிழை நிகழ்ந்து, மறுதொடக்கம் செய்த பின் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' என்று கொடுத்தால், முந்தைய துவக்கத்தின் கர்னல் பதிவு வரும். மறுதொடக்கம் தேவைப்படாமல் எழுந்திருந்தால் '-பி -1'க்குப் பதிலாக '-பி' போதும். முந்தைய துவக்கத்தின் பதிவே இல்லை என்று பதில் வந்தால், '/வார்/லாக்/ஜர்னல்' என்னும் கோப்புறையை உருவாக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்; அதன் பிறகு பதிவுகள் வட்டில் தங்கும்.

அந்தப் பதிவில் 'பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி' என்று ஒரு வரியும் 'பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட்' என்று ஒரு வரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். என்ட்ரி வரியே இல்லையென்றால் உறங்கச் சொல்லும் கோரிக்கை கர்னலை எட்டவே இல்லை. என்ட்ரியும் எக்ஸிட்டும் சில நொடி இடைவெளியில் இருந்தால் உறங்க முயன்று தோற்றது, அல்லது உறங்கியவுடன் ஏதோ எழுப்பிவிட்டது. என்ட்ரி மட்டும் இருந்து பதிவு அங்கேயே அறுந்துபோயிருந்தால் உறங்கும் வழியிலோ எழும் வழியிலோ கணினி சிக்கிக்கொண்டது. நேரே உங்கள் அறிகுறிக்குப் போகலாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். உறக்கத்தின்போது பதிவை வட்டில் எழுதும் செயலியும் உறைந்துதான் இருக்கிறது. ஆகவே என்ட்ரிக்குப் பிறகு கர்னல் சொன்னவை எல்லாம் எழுந்த பின்னரே எழுதப்படுகின்றன. அவ்வரிகளில் எழுந்த நேரமே பதிந்திருக்கும். எழாமலே போனால் அவை வட்டை அடைவதே இல்லை. 'பதிவின் கடைசி வரி என்ட்ரிதான், எனவே என்ட்ரியிலேயே நின்றுவிட்டது' என்று முடிவு செய்வது தவறு. அதற்கு வேறு கருவி உண்டு, பின்னால் வருகிறது.

ஒவ்வொரு முறையும் மூடியை மூடித் திறந்து சோதிக்கத் தேவையில்லை. 'ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 60' என்று கொடுத்தால் கணினி உறங்கி, கடிகாரத்தின் அலாரத்தால் 60 நொடியில் தானே எழும். மூடியால் உறங்காதது இப்படி உறங்கினால், பிழை மூடியின் பக்கம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அறிகுறி: மூடியை மூடினாலும் உறங்கவில்லை

பதிவில் என்ட்ரி வரி இல்லையென்றால், மூடியைக் கவனிக்கும் பொறுப்பிலுள்ள 'லாகின்டி'யிடம் விசாரிக்க வேண்டும். '/இடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப்' கோப்பில் 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்' என்பதன் மதிப்பு 'சஸ்பெண்ட்' என்று இருக்க வேண்டும். அதுவே இயல்பு மதிப்பும்கூட. ஆனால் அதன் கீழே 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்டாக்ட்' என்று இன்னொன்று உண்டு. அதன் இயல்பு மதிப்பு 'இக்னோர்'. வெளித்திரை ஒன்றைச் செருகியிருந்தால் கணினி டாக்கில் (மடிக்கணினியைச் செருகி வைக்கும் இணைப்புப் பெட்டியில்) இருப்பதாகவே லாகின்டி எடுத்துக்கொள்ளும், மூடியைப் பொருட்படுத்தாது. 'அலுவலகத்தில் உறங்குவதில்லை, வீட்டில் உறங்குகிறது' என்பவர்களின் பிழை பெரும்பாலும் இதுவே. மாற்றினால் மறுதொடக்கம் செய்து சோதியுங்கள்.

அடுத்து 'சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்' கட்டளை. உறக்கத்தைத் தடுத்து நிற்கும் செயலிகளின் பட்டியல் அதில் வரும். கடைசியில் 'டிலே' என்று இருப்பவை சில நொடி தாமதம் கேட்பவை, அவற்றை விட்டுவிடலாம். 'ப்ளாக்' என்று இருப்பதுதான் தடை. அந்த வரியில் 'ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்' என்றும் இருந்தால், க்னோம், கேடிஇ போன்ற திரைச்சூழல் மூடியின் பொறுப்பைத் தன் கையில் எடுத்திருக்கிறது. அந்தச் சூழலின் பவர் அமைப்பில்தான் மாற்ற வேண்டும்.

எழுந்தவுடனேயே மறுபடி மூடி, 'இரண்டாம் முறை உறங்கவில்லை' என்பவர்களும் உண்டு. எழுந்த பின் 30 நொடிகள் வரை லாகின்டி மூடியின் நிகழ்வுகளைக் கண்டுகொள்ளாது. வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஏற்பாடு அது. எனவே அரை நிமிடம் பொறுத்தே சோதிக்க வேண்டும். மூடியின் உணரியே பழுதா என்று அறிய '/ப்ராக்/ஏசிபிஐ/பட்டன்/லிட்' கோப்புறைக்குள் உள்ள 'ஸ்டேட்' கோப்பைப் பாருங்கள். மூடியை மூடியபோதும் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (வலையமைப்பின் மூலம் உள்நுழையும் முறை) வழியே பார்க்கையில் 'ஓபன்' என்றே காட்டினால், குற்றவாளி காந்த உணரி அல்லது பயாஸ்.

என்ட்ரி வரி இருந்தும் உறங்கவில்லை என்றால் அடுத்த வரிகளே காரணத்தைச் சொல்லிவிடும். 'ஃப்ரீசிங் யூசர் ஸ்பேஸ் ப்ராசசஸ் ஃபெயில்ட் ஆஃப்டர் 20' என்று தொடங்கும் வரி வந்தால், ஏதோ ஒரு செயலி உறைய மறுத்துவிட்டது. கர்னல் 20 நொடி காத்திருந்து கைவிட்டிருக்கிறது. அதன் கீழேயே அந்தச் செயலியின் பெயரும் இருக்கும். நான் கண்டவரை இதன் முதற்காரணம், வலையமைப்பு அறுந்த பின்னும் மவுன்ட் ஆகிக் (இணைந்து) கிடக்கும் என்எஃப்எஸ் அல்லது எஸ்எஸ்எச்எஃப்எஸ் கோப்புறை, அதாவது வேறொரு கணினியில் இருக்கும் கோப்புறை. பதில் தராத சர்வரை எதிர்பார்த்து ஒரு செயலி தவம் கிடக்கும். அதை உறையவைக்க முடியாது. உறங்கும் முன் அந்தக் கோப்புறையை 'யுமவுன்ட்' செய்வதே தீர்வு.

செயலிகள் உறைந்தும் ஒரு சாதனம் மறுத்திருந்தால் '/சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்' கோப்புறையில் 'லாஸ்ட்_ஃபெயில்ட்_டெவ்' என்னும் கோப்பு அதன் பெயரைச் சொல்லும். எந்தப் படியில் தோற்றது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். பிழை எண் -16 என்றால், அச்சாதனம் தான் வேலையில் இருப்பதாகச் சொல்கிறது என்று பொருள்.

அறிகுறி: உறங்கிய மறுநொடியே விழித்துக்கொள்கிறது

நான் நீண்ட நாள் அல்லல்பட்டது இதனால்தான். ஓர் இரவுப் பேருந்தில் மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உறங்கிவிட்டேன். தொடையில் சூடு உறைத்து விழித்தபோது, பைக்குள் கையை வைக்க முடியவில்லை. விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரியில் 4% மீதம். பல நாள் டிரைவரைச் சந்தேகித்தேன். உண்மையில், யுஎஸ்பி துளையில் எப்போதும் செருகியே வைத்திருந்த, விரல்நக அளவே உள்ள கம்பியில்லா மவுஸின் ரிசீவர்தான் காரணம். அதே பையின் இன்னொரு அறையில் மவுஸ் இருந்தது. பேருந்து குலுங்கும்போதெல்லாம் மவுஸ் அசைந்து, கணினியை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆகவே முதற்சோதனை எளிது: யுஎஸ்பியில் உள்ள அனைத்தையும் பிடுங்கிவிட்டு உறங்கவையுங்கள். உறக்கம் நிலைத்தால் ஒவ்வொன்றாகச் செருகிக் குற்றவாளியைப் பிடிக்கலாம். நிலைக்கவில்லையென்றால், எழுந்தவுடன் '/சிஸ்/பவர்/பிஎம்_வேக்கப்_ஐஆர்க்யு' என்னும் கோப்பைப் படியுங்கள். அதில் ஓர் எண் இருக்கும். அதே எண்ணை '/ப்ராக்/இன்டரப்ட்ஸ்' கோப்பின் இடப்பக்க நெடுவரிசையில் தேடினால், எழுப்பிய சாதனத்தின் பெயர் வலப்பக்கம் தெரியும். 1 என்றால் விசைப்பலகை, 8 என்றால் கடிகார அலாரம், 9 என்றால் ஏசிபிஐ எனப்படும் மின்மேலாண்மை முறை; இந்த 9க்குள் மூடி, பவர் பொத்தான், சார்ஜரைச் செருகுவது, பிடுங்குவது ஆகிய பலவும் அடங்கும்.

'/ப்ராக்/ஏசிபிஐ/வேக்கப்' கோப்பில், கணினியை எழுப்பும் உரிமை பெற்ற சாதனங்கள் அட்டவணையாக இருக்கும். 'எக்ஸ்எச்சி' அல்லது 'எக்ஸ்எச்சிஐ' என்பது யுஎஸ்பி, 'லிட்' என்பது மூடி, 'ஜிலான்' என்பது கம்பிவழி வலையமைப்பு. அந்தக் கோப்பில் ஒரு பெயரை எழுதினால் அதன் உரிமை மாறும்: இருந்தால் போகும், இல்லாதிருந்தால் வரும். ஒரே பெயரை இருமுறை எழுதிவிட்டு 'எதுவும் மாறவில்லையே' என்று குழம்புவது எளிது. ஒவ்வொரு முறையும் கோப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உரிமை பெற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, இடையிடையே 'ஆர்டிசிவேக்' மூலம் சோதித்தால் குற்றவாளி அகப்படும். மூடியையும் பவர் பொத்தானையும் ஒரே சமயத்தில் நீக்கிவிடாதீர்கள். எழுப்ப வழியில்லாமல் போகும்.

யுஎஸ்பி முழுவதையும் தடுப்பதைவிட அந்த ஒரு சாதனத்தை மட்டும் தடுப்பது நல்லது. '/சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ்' கீழ் ஒவ்வொரு சாதனத்தின் கோப்புறைக்குள்ளும் 'பவர்/வேக்கப்' என்னும் கோப்பு உண்டு. அதில் 'டிசேபிள்ட்' என்று எழுதினால் போதும். நிரந்தரமாக்க, 'எல்எஸ்யுஎஸ்பி' காட்டும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் வைத்து, '/இடிசி/யுடெவ்/ரூல்ஸ்.டி' கோப்புறையில் ஒரு வரி யுடெவ் (சாதனங்களைக் கையாளும் சேவை) விதி எழுதுங்கள்: அந்த எண்களுள்ள சாதனம் சேர்க்கப்படும்போது அதன் 'பவர்/வேக்கப்' பண்பு 'டிசேபிள்ட்' ஆக வேண்டும் என்பதே அந்த விதியின் பொருள். என் மவுஸுக்கு அப்படி எழுதிய ஒரு வரி, இயக்குதளத்தைப் பலமுறை மேம்படுத்திய பின்னும் அப்படியே வேலை செய்கிறது.

அறிகுறி: விழிக்கவில்லை, ஆனாலும் பேட்டரி காலியாகிறது

முதலில் அளந்து பாருங்கள்; 'நிறையக் குறைகிறது' என்பது அளவு ஆகாது. '/சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0' கோப்புறையில் 'எனர்ஜி_நவ்' அல்லது 'சார்ஜ்_நவ்' இருக்கும். உறங்கும் முன் ஒருமுறையும் எழுந்த பின் ஒருமுறையும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரமாவது உறங்கவிடுங்கள். 50 வாட்-மணி பேட்டரியில் மணிக்கு 1% குறைவது அரை வாட் செலவு; அதைக் குறைசொல்ல இயலாது. அதே பேட்டரியில் இரவு 8 மணி நேரத்தில் 40% போனால் அது 2.5 வாட், கணினி உண்மையில் உறங்கவில்லை.

'டீப்' வகை உறக்கத்தில் இப்படி ஆவது குறைவு. எஸ்2ஐடிலில் இதுதான் பெருஞ்சிக்கல். கர்னல் 6.4 முதல் இதைக் கண்டறிய ஓர் எளிய வழி இருக்கிறது: எழுந்த பின் '/சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்/லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப்' கோப்பைப் படியுங்கள். கடந்த உறக்கத்தில் வன்பொருள் உண்மையில் ஆழ்ந்து கிடந்த நேரம் அதில் மைக்ரோநொடிகளில் இருக்கும். ஒரு மணி நேரம் உறங்கவைத்திருந்தால் எண் 360 கோடியை நெருங்கியிருக்க வேண்டும். பூஜ்யம் என்றால், ப்ராசசர் ஒரு நொடிகூட ஆழ்நிலைக்குப் போகவில்லை. இடையில் ஏதோ ஒரு சாதனம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

பிடித்து வைப்பது எது? என் அனுபவத்தில் தேட வேண்டிய வரிசை இது: முதலில் பயாஸும் கர்னலும் புதியவையா என்று பாருங்கள், எஸ்2ஐடில் பிழைகளில் கணிசமானவை இந்த இரண்டிலும்தான் திருத்தப்படுகின்றன. பல தயாரிப்பாளர்களின் பயாஸ் மேம்படுத்தல்கள் 'எஃப்டபிள்யுயுபிடிஎம்ஜிஆர்' கட்டளையின் வழியே லினக்ஸிலேயே கிடைக்கின்றன. பிறகு யுஎஸ்பி-சி டாக்கையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். அதன் பின் தனி கிராஃபிக்ஸ் சிப், அதன் பின் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வட்டு. இதையெல்லாம் கையால் செய்யச் சலிப்பாக இருந்தால், ஏஎம்டி இயந்திரங்களுக்கு 'ஏஎம்டி-எஸ்2ஐடில்' என்னும் கருவியும், இன்டெல் இயந்திரங்களுக்கு இன்டெல் வெளியிட்டுள்ள எஸ்0ஐஎக்ஸ் (எஸ்2ஐடிலில் ப்ராசசர் இறங்கும் ஆழ்நிலை) சுயசோதனைக் கருவியும் உண்டு. தடுக்கும் சாதனத்தைத் தேடும் வேலையின் பெரும்பகுதியை அவையே செய்துவிடும்.

எதுவும் பயன்படாவிட்டால், 'சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட்' முறைக்கு மாறிவிடலாம்: முதலில் சாதாரண உறக்கம், குறித்த நேரம் கழிந்ததும் நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு முழு அணைப்பு (இதுவே ஹைபர்னேட்). '/இடிசி/சிஸ்டம்டி/ஸ்லீப்.கான்ஃப்' கோப்பில் 'ஹைபர்னேட்டிலேசெக்' என்பதை ஒரு மணி நேரமாக வைத்து, லாகின்டியில் மூடிக்கான மதிப்பை இம்முறைக்கு மாற்றுங்கள். ஹைபர்னேட் முன்னதாகச் சரியாக வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அறிகுறி: எழுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது

பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கணினி உயிரோடு இருக்கிறதா என்பதை அந்த நிமிடத்தில்தான் அறிய முடியும். கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு மாறி மாறி எரிந்தால் கர்னல் நலமாக இருக்கிறது, திரை மட்டும்தான் வரவில்லை. அடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்கு மாறிப் பாருங்கள். அது தெரிந்தால் பிழை திரைச்சூழலில். அதுவும் தெரியாவிட்டால் இன்னொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ எஸ்எஸ்எச் வழியே நுழைந்து 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளை காட்டும் கர்னல் பதிவைப் படியுங்கள். இதற்காகவே எஸ்எஸ்எச் சர்வரை முன்கூட்டியே நிறுவி வைப்பது பயன்தரும்.

திரை முழுக் கறுப்பா, வெறும் பின்னொளி மட்டும் இல்லையா என்றும் பாருங்கள். இருட்டறையில் கைபேசியின் டார்ச்சைத் திரைமீது சாய்வாக அடித்தால், மங்கலாக மேசைத்திரை தெரியக்கூடும். தெரிந்தால் ஒளிக்கட்டுப்பாட்டுப் பிழை அது; 'ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்' என்னும் பூட் அளவுருவை முயலுங்கள்.

இன்டெல் கிராஃபிக்ஸில் திரை உறைந்தோ சிமிட்டியோ நின்றால் 'ஐ915.இனேபிள்_பிஎஸ்ஆர்=0' பல சமயம் உதவுகிறது; திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை அது நிறுத்துகிறது. அதே வசதியை ஏஎம்டியில் நிறுத்துவது 'ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10'. இரண்டுமே பேட்டரிச் செலவைச் சற்று கூட்டும். எனவே கர்னலை மேம்படுத்தும்போதெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி சோதிப்பது நல்லது.

மூலநிரல் வெளியிடப்படாத, என்விடியாவின் சொந்த டிரைவரில் நிலைமை வேறு. உறங்கும்போது கிராஃபிக்ஸ் நினைவகத்தில் உள்ளவை அழிந்துவிடும். அவற்றைச் சேமிக்கச் சொல்லாவிட்டால், எழுந்த பின் கறுப்புத் திரையோ கிழிந்த துணிபோன்ற கோலங்களோ வரும். '/இடிசி/மாட்ப்ரோப்.டி' கோப்புறையில் என்விடியா மாட்யூலுக்கு (கர்னலில் ஏற்றவும் இறக்கவும் கூடிய டிரைவர் பகுதி) 'என்விரெக்_ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலொகேஷன்ஸ்=1' என்னும் தெரிவை எழுதி, 'என்விரெக்_டெம்பரரிஃபைல்பாத்' என்பதை '/வார்/டிஎம்பி' ஆக வையுங்கள். பல வெளியீடுகளில் '/டிஎம்பி' ரேமிலேயே இருப்பதால் இந்த மாற்றம் முக்கியம். அதோடு 'என்விடியா-சஸ்பெண்ட்', 'என்விடியா-ரெஸ்யூம்', 'என்விடியா-ஹைபர்னேட்' ஆகிய மூன்று சேவைகளும் இயக்கத்தில் இருக்க வேண்டும். மறுதொடக்கத்திற்குப் பின் '/ப்ராக்/டிரைவர்/என்விடியா/பாரம்ஸ்' கோப்பில் அந்த மதிப்பு 1 ஆகத் தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2024இல் வந்த 256ஆம் பதிப்புக்கு மாறிய பிறகே தொல்லை தொடங்கியது என்றால், அது புகுத்திய இன்னொரு மாற்றத்தையும் பாருங்கள்: உறக்கத்திற்கு முன் பயனரின் செயலிகள் அனைத்தையும் அது உறையவைக்கிறது, என்விடியா டிரைவருக்கு அது ஒத்துவருவதில்லை. உறக்கச் சேவைகளுக்கு 'சிஸ்டம்டி_ஸ்லீப்_ஃப்ரீஸ்_யூசர்_செஷன்ஸ்=ஃபால்ஸ்' என்னும் சூழல்மாறியை அமைத்தால் பழைய நடத்தைக்குத் திரும்பும்.

அறிகுறி: கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை

இப்போதுதான் உண்மையான தேடல். கர்னலே நின்றுவிட்டதால் பதிவு உதவாது என்று முன்பே சொன்னேன். இதற்காகக் கர்னல் தரும் கருவி '/சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட்'. அதில் 'ஃப்ரீசர்' என்று எழுதிவிட்டு உறங்கவைத்தால், செயலிகளை உறையவைக்கும் படி வரை மட்டும் போய், 5 நொடி காத்திருந்து, தானே திரும்பிவிடும். சரியாகத் திரும்பினால் 'டிவைசஸ்', அதன் பின் 'பிளாட்ஃபார்ம்', 'ப்ராசசர்ஸ்', 'கோர்' என்று ஒவ்வொரு படியாக இறங்குங்கள். 'டிவைசஸ்' படியில் நின்றுவிட்டால் ஏதோ ஒரு டிரைவர். 'பிளாட்ஃபார்ம்' படியில் நின்றுவிட்டால் பயாஸின் பக்கம். முடிந்ததும் 'நன்' என்று எழுதிப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

டிரைவர் என்று தெரிந்தால், வைஃபை, ப்ளூடூத், கேமரா, கார்டு ரீடர் ஆகியவற்றின் மாட்யூல்களை 'மாட்ப்ரோப் -ஆர்' கொண்டு ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். அப்படியும் அகப்படாவிட்டால் '/சிஸ்/பவர்/பிஎம்_ட்ரேஸ்' கோப்பில் 1 என்று எழுதி உறங்கவையுங்கள். எழாமல் நின்றதும் பவர் பொத்தானால் அணைத்து, சுமார் 3 நிமிடத்திற்குள் மறுபடி துவக்கி, 'டிஎம்இஎஸ்ஜி' பதிவில் 'ஹாஷ் மேச்சஸ்' என்று தேடினால் கடைசியாகத் தொடப்பட்ட சாதனம் தெரியவரும். மின்சாரம் போனாலும் அழியாத ஒரே இடமான கடிகாரச் சிப்பில் அந்தக் குறிப்பை எழுதி வைக்கும் அருமையான உத்தி இது. அதனாலேயே கணினியின் தேதி தாறுமாறாகிவிடும். சோதனை முடிந்ததும் நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

என்விஎம்இ வட்டு எழாமல் போவதும் இவ்வகையில் சேரும். எழுந்து சில நொடி எல்லாம் இயங்குவதுபோல் தெரிந்து, பிறகு ஒவ்வொரு கட்டளையும் உள்ளீட்டுப் பிழை என்று சொன்னால், வட்டு காணாமல் போயிருக்கிறது. 'என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0' என்னும் அளவுரு அதன் குறைமின் நிலைகளை நிறுத்திவைக்கும். இதைச் சோதிக்கும் முன் முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எழுந்த பின் வைஃபையோ டச்பேடோ இல்லை

இது எளிது. 'எல்எஸ்பிசிஐ -கே' மூலம் வைஃபை மாட்யூலின் பெயரை அறிந்து, அதை இறக்கி மறுபடி ஏற்றுங்கள். டச்பேடானால் 'பிஎஸ்மவுஸ்' அல்லது 'ஐ2சி_ஹெச்ஐடி_ஏசிபிஐ'. கையால் செய்து பயன் கண்ட பிறகே, '/யுஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப்' கோப்புறையில் ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதி வையுங்கள். முதல் உள்ளீடு 'ப்ரி' என்று வந்தால் மாட்யூலை இறக்க வேண்டும், 'போஸ்ட்' என்று வந்தால் ஏற்ற வேண்டும். இயக்கும் அனுமதியைக் கொடுக்க மறந்தால் அது ஓடாது.

அறிகுறி: ஹைபர்னேட் செய்து துவக்கினால் புதிதாகத் துவங்குகிறது

வட்டில் எழுதியதைத் தேடும் முகவரி கர்னலுக்குத் தெரியவில்லை என்பதே பொதுவான காரணம். ஸ்வாப் பகுதியின் (ரேமில் உள்ளதை எழுதி வைக்கும் வட்டுப் பகுதி) யுயுஐடியை, அதாவது அதன் தனி அடையாள எண்ணை, 'ரெஸ்யூம்=' என்னும் பூட் அளவுருவில் தர வேண்டும்; ஸ்வாப் கோப்பானால் அது இருக்கும் பார்ட்டிஷனின் யுயுஐடியோடு 'ரெஸ்யூம்_ஆஃப்செட்=' என்பதும் வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் 'ஃபைல்ஃப்ராக் -வி' காட்டும் முதல் வரியின் இட எண்ணே அது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் அந்த எண் பொருந்தாது, 'மேப்-ஸ்வாப்ஃபைல்' துணைக்கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸை (துவக்கத்தில் கர்னல் முதலில் பயன்படுத்தும் சிறு கோப்புத் தொகுப்பை) புதுப்பியுங்கள். ஸ்வாப் ரேமின் அளவாவது இருந்தால் கவலையில்லை.

ஹைபர்னேட் தெரிவே இல்லையென்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஃபெடோரா 33 முதல் ஸ்வாப் இயல்பாக ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கப்படுகிறது. வட்டில் தனி ஸ்வாப் அமைக்காமல் ஹைபர்னேட் நடக்காது. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்கவிடும் பயாஸ் வசதி) இயக்கத்தில் இருந்தால் பல வெளியீடுகளின் கர்னல் ஹைபர்னேட்டையே தடுத்துவிடும். பதிவில் 'லாக்டவுன்' என்னும் சொல்லோடு அது தெரியும்.

ஹைபர்னேட்டில் இருக்கும் கணினியை விண்டோஸிலோ லைவ் யுஎஸ்பியிலோ துவக்கி, அதே பார்ட்டிஷன்களில் எதையும் எழுதாதீர்கள். திரும்பி எழும் கர்னல், வட்டு தான் விட்டுப்போனபடியே இருப்பதாக நம்பித் தன் பழைய கணக்கோடு எழுதத் தொடங்கும். கோப்பு முறைமை சிதைந்துவிடும். அப்படித் துவக்க நேர்ந்துவிட்டால், அடுத்த முறை லினக்ஸைத் துவக்கும்போது 'நோரெஸ்யூம்' என்னும் அளவுருவைக் கொடுத்து, சேமித்த நிலையைக் கைவிட்டுப் புதிதாகத் துவக்குங்கள். சேமிக்காத வேலை போகும், வட்டு தப்பிக்கும்.